முதல் தேர்வை விற்பதா, ஃபீல்ட்ஸை விற்பதா? சிகாகோ ரசிகர்களின் 2024 வழக்கு

கையில், கல்லூரி வீரர்களில் ஒருவரை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை, அதாவது டிராஃப்டின் முதல் தேர்வு. களத்தில், அரங்கமே பெயர் சொல்லி ஆர்ப்பரிக்கும் ஒரு குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் வீரர். இரண்டில் ஒன்றை விற்றாக வேண்டும். 2024 ஜனவரி தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரை, அமெரிக்கக் கால்பந்து அணியான சிகாகோ பேர்ஸின் ரசிகர்களுக்கு வேறு பேச்சே இல்லை. ஜஸ்டின் ஃபீல்ட்ஸை வைத்துக்கொண்டு முதல் தேர்வை வேறு அணிக்குக் கைமாற்றலாம். ஃபீல்ட்ஸை அனுப்பிவிட்டு, கல்லூரி ஆட்டத்தில் அந்த ஆண்டின் பெரிய பெயரான கேலப் வில்லியம்ஸை எடுக்கலாம். அல்லது ஓரிரு இடம் கீழே இறங்கி, வேறொரு புதுமுக குவாட்டர்பேக்கையும் கூடவே சில தேர்வுகளையும் வாங்கிக்கொள்ளலாம்.

தீர்ப்பு வந்துவிட்ட வழக்குதான். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஓர் அணி இதே நிலையில் வந்து நிற்கிறது. ரசிகர்களும் அதே பாதையில் வாதிடுகிறார்கள். இவன் கை வலுவா, அவன் கால் வேகமா என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. என் பார்வையில் அது இரண்டாம் நிலைக் கேள்வி. முதலில் பார்க்க வேண்டியவை சம்பள ஒப்பந்தத்தின் நாட்காட்டியும், அந்த இளைஞனை வரவேற்று வளர்க்கப்போகும் பயிற்சியாளர் யார் என்பதும். சிகாகோவில் முதல் விஷயத்தைச் சிலர் பேசினார்கள். இரண்டாவதைப் பேசியவர்கள் மிகக் குறைவு.

அமெரிக்கக் கால்பந்தைப் பின்தொடராதவர்களுக்கு ஒரு பத்தி. அங்கே தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் டிராஃப்ட்டில் ஐபிஎல் போல ஏலம் கிடையாது. முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணி, கல்லூரியிலிருந்து வரும் வீரர்களில் முதலில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். அடுத்த மோசமான அணி அடுத்து. இப்படி ஏழு சுற்றுகள். தேர்ந்தெடுக்கும் அந்த உரிமையையே சரக்காக வாங்கலாம், விற்கலாம். அடுத்த ஆண்டின் உரிமையைக்கூட இன்றே விற்கலாம். வதந்திகளின் சந்தை களைகட்டுவது இந்தக் கொடுக்கல் வாங்கலால்தான்.

சிகாகோவுக்கு முதல் தேர்வு வந்த விதமே ஒரு கதை. 2023 ஜனவரி 8, பருவத்தின் கடைசி நாள். ஹூஸ்டன் டெக்சன்ஸ் தோற்றிருந்தால் முதல் தேர்வு அவர்களுக்குப் போயிருக்கும். கடைசி நிமிடத்தில், கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில் 20 யார்டு தேவை என்ற நிலையில் டேவிஸ் மில்ஸ் வீசிய பந்தை ஜோர்டன் ஏகின்ஸ் பிடித்து, ஆறு புள்ளி தரும் டச் டவுன் ஆக்கினார். அடுத்த இரண்டு புள்ளிகளுக்கான முயற்சியிலும் அவரே பிடித்தார். ஹூஸ்டன் 32-31 என்று வென்றது. முதல் தேர்வு சிகாகோவின் மடியில் விழுந்தது. அன்று ஹூஸ்டனின் பயிற்சியாளர் லவ்வி ஸ்மித், சிகாகோவை 2004 முதல் 2012 வரை பயிற்றுவித்தவர். அன்றிரவே அவரை ஹூஸ்டன் வேலையிலிருந்து நீக்கியது.

அந்த முதல் தேர்வை பொது மேலாளர் ரயன் போல்ஸ் 2023 மார்ச்சில் கரோலினா பேந்தர்ஸுக்கு விற்றார். பதிலுக்கு 9ஆம், 61ஆம் தேர்வுகள், 2024இன் முதல் சுற்றுத் தேர்வு, 2025இன் இரண்டாம் சுற்றுத் தேர்வு, இவற்றோடு டி.ஜே. மூர் என்ற தேர்ந்த பந்து பிடிப்பவர். கரோலினா, குவாட்டர்பேக் பிரைஸ் யங்கை எடுத்தது. அந்தப் பருவத்தில் இரண்டே ஆட்டங்கள் வென்று 15இல் தோற்றது. விளைவு, 2024இன் முதல் தேர்வும் சிகாகோவுக்கே வந்து சேர்ந்தது. ஒருமுறை விற்ற பொருள் அடுத்த ஆண்டே வட்டியோடு வாசலுக்கு வந்து நிற்கும்போது, மறுபடியும் விற்றுவிடலாம் என்று ரசிகர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. 1947க்குப் பிறகு அதுவரை சிகாகோ தன் கையால் முதல் தேர்வைப் பயன்படுத்தியதே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபீல்ட்ஸை வைத்துக்கொள்வது

இந்த வழியை ஆதரித்தவர்களை உணர்ச்சிவசப்பட்டவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. 2022இல் ஃபீல்ட்ஸ் ஓடியே 1,143 யார்டு சேர்த்தார். அந்த நவம்பரில் மயாமிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 178 யார்டு ஓடினார். வழக்கமான பருவத்தில் ஒரு குவாட்டர்பேக் ஒரு ஆட்டத்தில் அவ்வளவு ஓடியது அதுவே முதல்முறை. 2023இல் மூர் வந்ததும் வீச்சும் ஓரளவு மேம்பட்டது. அந்தப் பருவத்தில் மூர் 1,364 யார்டு பிடித்தார். டிசம்பர் 31 அன்று சொந்த அரங்கான சோல்ஜர் ஃபீல்டில் அட்லாண்டாவை 37-17 என்று வீழ்த்தியபோது, "எங்களுக்கு ஃபீல்ட்ஸ்தான் வேண்டும்" என்ற கோஷம் அரங்கை நிறைத்தது. மேலாளரின் காதில் விழட்டும் என்றே எழுப்பப்பட்ட கோஷம் அது.

ஆனால் அவர் தொடக்க குவாட்டர்பேக்காக இறங்கிய 38 ஆட்டங்களில் அணி வென்றது 10. தோற்ற 28இல் சில, தோற்ற விதத்தாலேயே மனதில் தங்கிவிட்டன. டென்வருக்கு எதிராக 28-7 என்று முன்னிலையில் இருந்து 31-28 என்று தோற்றது ஒன்று. டிசம்பர் 17 அன்று கிளீவ்லாண்டில் 17-7 என்றிருந்து 20-17 என்று தோற்றது மற்றொன்று. அந்த ஆட்டத்தின் கடைசி வீச்சைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஃபீல்ட்ஸ் பந்தைத் தன் பலம் முழுவதையும் திரட்டி, பிடித்தால் புள்ளி கிடைக்கும் எல்லைப் பகுதிக்கு வீசுகிறார். அங்கே கூட்டமாக எகிறியவர்களின் கைகளில் பட்டுப் பந்து கீழே வருகிறது. தரையில் மல்லாந்து கிடக்கும் சிகாகோவின் டார்னெல் மூனியின் உடல்மேலேயே நேராக விழுகிறது. கைகள் மூடுவதற்குள் நழுவி, அவர் காலில் பட்டு எகிறி, எதிரணி வீரர் கையில் போய் அமர்கிறது. ஃபீல்ட்ஸ் தரப்பு ரசிகர்கள் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டி, "இதற்கு மேல் அவர் என்ன செய்வார்?" என்றார்கள். மறுதரப்பு கேட்டது: "பத்துப் புள்ளி முன்னிலையில் இருந்த அணி ஏன் கடைசி நொடி அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டி வந்தது?" எனக்கு இரண்டாவது கேள்விதான் கனமாகத் தெரிகிறது. பந்தை நெடுநேரம் கையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் மூன்றாம் ஆண்டிலும் அவரை விட்டுப் போகவில்லை. 2022இல் 55 முறை, 2023இல் 44 முறை பந்துடன் வீழ்த்தப்பட்டார்.

திறமை வாதத்தை அத்துடன் விட்டுவிட்டுப் பணத்துக்கு வருவோம். இந்த வழி உண்மையில் அடிபடும் இடம் அதுதான். 2011 வரை புதுமுகங்கள் கேட்டதே விலையாக இருந்தது. 2010இல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. 2011இல் வந்த புதிய தொழிலாளர் உடன்படிக்கைக்குப் பிறகு, அதே முதல் தேர்வான கேம் நியூட்டனுக்குக் கிடைத்தது நான்கு ஆண்டுக்கு 2.2 கோடி. அன்றிலிருந்து புதுமுக குவாட்டர்பேக்தான் லீக்கிலேயே மலிவான சரக்கு. 2024இல் முதல் தேர்வுக்கு நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்துச் சுமார் 3.95 கோடி டாலர். அதே காலத்தில் சின்சினாட்டியின் குவாட்டர்பேக் ஜோ பர்ரோவின் ஒப்பந்தம் ஆண்டுக்கு 5.5 கோடி என்ற அளவில் இருந்தது. 2024இல் ஓர் அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பே 25.54 கோடி என்னும்போது, இந்த வித்தியாசத்தில் நான்கைந்து நல்ல தடுப்பாட்டக்காரர்களை வாங்கிவிடலாம்.

2021இல் வந்த ஃபீல்ட்ஸின் நான்கு ஆண்டு மலிவு விலைக் காலம் 2024உடன் முடிகிறது. ஐந்தாம் ஆண்டுக்கு அவரை வைத்துக்கொள்வதென்றால் மே 2க்குள் முடிவு சொல்லியாக வேண்டும். விலை சுமார் 2.57 கோடி டாலர். ஃபீல்ட்ஸின் அந்த ஒரே ஆண்டுக் கூலி, புதுமுகத்தின் நான்கு ஆண்டுக் கூலியில் மூன்றில் இரண்டு பங்கு. அதற்கு மேல் நீண்டகால ஒப்பந்தப் பேச்சு வேறு. ஒரு நல்ல பருவத்தை நம்பி நீண்ட ஒப்பந்தம் போட்டால் என்னவாகும் என்பதற்கு நியூயார்க் ஜயன்ட்ஸ் அப்போதே பாடம் நடத்திக்கொண்டிருந்தது. 2023 மார்ச்சில் தன் குவாட்டர்பேக் டேனியல் ஜோன்ஸுக்கு நான்கு ஆண்டுக்கு 16 கோடி டாலர் எழுதிக்கொடுத்தது. 2024 நவம்பரில் அவரை விடுவித்தது.

சரி, முதல் தேர்வை விற்றால் குவியப்போகும் தேர்வுகள்? அதற்கும் முன்னுதாரணம் உண்டு. 2012இல் குவாட்டர்பேக் ராபர்ட் கிரிஃபினை எடுப்பதற்காக வாஷிங்டன், செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு மூன்று ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் கொடுத்தது. கிரிஃபின் முதல் ஆண்டில் ஜொலித்தார். பிறகு முழங்கால் காயத்தில் சரிந்தார். 2014 டிசம்பரில் இரு அணிகளும் மோதியபோது, ராம்ஸ் பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர் நாணயம் சுண்டும் சடங்குக்கு ஆறு வீரர்களைத் தலைவர்களாக அனுப்பினார். ஆறு பேருமே அந்த விற்பனையால் வந்தவர்கள். அன்று ராம்ஸ் 24-0 என்று வென்றது. ரசிகர்கள் இன்றும் ரசிக்கும் குறும்பு. ஆனால் அந்தப் பருவத்தை ராம்ஸ் முடித்தது 6 வெற்றி, 10 தோல்வி, அதாவது 6-10 என்று. 2012 முதல் 2015 வரை ஓர் ஆண்டுகூட அவர்கள் தோல்விகளைவிட அதிக வெற்றி பெறவில்லை. ஆறு நல்ல வீரர்கள் இருந்தார்கள். பந்தை வீச ஆள் இல்லை.

தேர்வுகளை விற்பவர்களுக்குத்தான் பொதுவாக லாபம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் டிராஃப்ட் விலைகளை ஆராய்ந்து, உச்சியிலுள்ள தேர்வுகளுக்கு அணிகள் தேவைக்கு மேல் விலை கொடுக்கின்றன என்றே காட்டினார்கள். ஆனால் குவாட்டர்பேக் இல்லாத அணி அந்தப் பொது விதியைப் பிடித்துக்கொண்டு ஆண்டுதோறும் விற்றுக்கொண்டிருந்தால், நல்ல கணக்குப் புத்தகத்துடன் கடைசி இடத்தில் இருக்கலாம். 2024 வரை ஒரு பருவத்தில் 4,000 யார்டு வீசிய குவாட்டர்பேக் ஒருவர்கூட இல்லாத ஒரே அணி சிகாகோதான். எரிக் கிரேமர் 1995இல் வீசிய 3,838 யார்டுதான் அதுவரை அணியின் உச்சம்.

வில்லியம்ஸை எடுப்பது

இதற்கான வாதத்தில் பாதியை மேலேயே சொல்லியாகிவிட்டது: நாட்காட்டி மறுபடி முதல் பக்கத்துக்குத் திரும்புகிறது. மூர் இருக்கிறார், சிகாகோவின் சொந்த 9ஆம் தேர்வும் கையில் இருக்கிறது, மலிவான குவாட்டர்பேக் கிடைக்கிறார் என்றால் மிச்சப் பணத்தில் அணியைக் கட்டலாம். வில்லியம்ஸும் சாதாரண ஆள் அல்லர். 2022இல் கல்லூரி ஆட்டத்தின் உயரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை வென்றவர். எதிர்த்தரப்பு அவரிடம் கண்ட குறைகளில் பாதி ஆட்டத்தோடு தொடர்பே இல்லாதவை. நகத்தில் சாயம் பூசுகிறார் என்றார்கள். 2023 நவம்பரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திடம் தோற்றபின் பார்வையாளர் வரிசையில் தாயின் தோளில் முகம் புதைத்து அழுதார் என்றார்கள். தோற்றதற்காக அழுகிற குவாட்டர்பேக்கைப் பார்த்து ஒரு ரசிகர் ஏன் கவலைப்பட வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உண்மையான அபாயம் வேறு. கல்லூரியிலிருந்து வரும் குவாட்டர்பேக் பற்றிய கணிப்பு எவருக்கும் நிச்சயமில்லை. அதைச் சிகாகோ ரசிகர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? 2017இல் மிட்சல் டிரூபிஸ்கியை எடுப்பதற்காக 3ஆம் இடத்திலிருந்து 2ஆம் இடத்துக்கு ஏற, மூன்று தேர்வுகளைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். பின்னாளில் சூப்பர் பவுல் வென்ற குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் அதே டிராஃப்ட்டில் 10ஆம் இடம் வரை இருந்தார். அந்தக் காயம் ஆறாத ஊரில், "இந்த முறை சரியாகத் தேர்ந்தெடுப்போம்" என்று ஒரு மேலாளர் சொன்னால் நம்பத் தயங்குவது நியாயம்தான். ஆனால் இந்தத் தயக்கம் ஃபீல்ட்ஸுக்கு ஆதரவான வாதம் ஆகாது. அவரும் 2021இல் இதே கணிப்பில், இதே நகரம், அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வையும் கொடுத்து 11ஆம் இடத்துக்கு ஏறி எடுத்தவர்தான்.

பிப்ரவரி, மார்ச் வதந்திகள்

இங்கே கொஞ்சம் நின்று வதந்திகளைப் பார்க்கலாம். ஃபீல்ட்ஸ் இன்ஸ்டாகிராமில் அணியைப் பின்தொடர்வதை நிறுத்தியபோது, விற்பனை முடிந்துவிட்டது என்று ஊரே பேசியது. விடுமுறையில் கால்பந்துச் செய்தி கண்ணில் படாமல் இருக்கவே அப்படிச் செய்ததாக அவரே ஒரு பாட்காஸ்ட்டில் சொன்னார். அடுத்து, அவர் ஜார்ஜியாக்காரர் என்பதால் அட்லாண்டா ஃபால்கன்ஸுக்குப் போவது உறுதி என்றார்கள். மார்ச் நடுவில் அட்லாண்டா, வேறொரு குவாட்டர்பேக்கான கிர்க் கசின்ஸுக்கு நான்கு ஆண்டுக்கு 18 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தம் கொடுத்தது. அந்தக் கதவு மூடியது. குவாட்டர்பேக் தேடிய லாஸ் வேகாஸ் கார்ட்னர் மின்ஷூவை எடுத்தது. பிட்ஸ்பர்க் ரஸ்ஸல் வில்சனை எடுத்தது. இரண்டாம் சுற்றுத் தேர்வாவது கிடைக்கும், ஏன், முதல் சுற்றே கிடைக்கும் என்று ரசிகர்கள் விலை பேசிக்கொண்டிருந்த நேரத்தில் கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தன. மார்ச் 16 அன்று ஃபீல்ட்ஸ் பிட்ஸ்பர்க்குக்குப் போனார். விலை: 2025இன் ஆறாம் சுற்றுத் தேர்வு ஒன்று. அவர் பாதிக்கு மேல் ஆடினால் அது நான்காம் சுற்றாக உயரும் என்று நிபந்தனை. அவர் ஆறு ஆட்டங்கள் தொடங்கி நான்கில் வென்றார்; பிறகு வில்சனுக்கு வழிவிட்டார். தேர்வு ஆறாம் சுற்றாகவே நின்றது.

தன் வீரனுக்கு ரசிகன் வைக்கும் விலைக்கும் சந்தை வைக்கும் விலைக்கும் இடையே இருந்த இடைவெளி அது. இதில் போல்ஸின் பங்கும் உண்டு. ஜனவரியிலேயே மனதைத் திடப்படுத்திக்கொண்டு விற்றிருந்தால், குவாட்டர்பேக் தேடும் அணிகள் அத்தனையும் சந்தையில் இருந்திருக்கும். ஃபீல்ட்ஸுக்கு நல்லது செய்ய வேண்டும் என்று அவர் சொன்னதை நான் நம்புகிறேன். நல்ல மனதுக்கு மார்ச் மாதத்தில் பெரிய விலை கிடைப்பதில்லை.

மற்றொரு வதந்தி இதற்கு நேர் எதிர். வில்லியம்ஸும் அவர் தந்தையும் சிகாகோவுக்கு வர விரும்பவில்லை என்ற பேச்சு. அவர் பிறந்து வளர்ந்த பகுதி வாஷிங்டன். கல்லூரியில் அவருடன் பணியாற்றிய கிளிஃப் கிங்ஸ்பரி 2024 பிப்ரவரியில் வாஷிங்டன் அணியின் தாக்குதல் ஆட்டப் பொறுப்பாளர் ஆனார். புள்ளிகளை இணைத்துக் கோடு போட்டவர்களை, சிகாகோ ரசிகர்கள் பகைவர்களின் புரளி என்று துரத்தினார்கள். 2025 மே மாதம் வெளிவந்த செய்திகளில், சிகாகோவைத் தவிர்க்கும் வழிகளை அந்தக் குடும்பம் உண்மையிலேயே ஆராய்ந்தது தெரியவந்தது. ஊரே உறுதி என்று சொன்னது பொய்த்தது. ஊரே சிரித்தது பெருமளவு மெய்யாக இருந்தது. என் வழக்கம் இதுதான்: ஒரு வதந்தி வந்தால், இது பரவினால் யாருக்கு விலை ஏறுகிறது என்று பார்ப்பேன். ஃபீல்ட்ஸுக்குப் பெரிய கிராக்கி என்ற செய்தியால் விலை ஏறுவது சிகாகோவுக்கு. அதனால் அதை நம்பத் தயங்க வேண்டும். வில்லியம்ஸ் தயங்குகிறார் என்ற செய்தியால் சிகாகோவுக்கு ஒரு பைசா லாபமில்லை.

ஓரிடம் இறங்குவது

மூன்று வழிகளில் ரசிகர்கள் குறைவாகப் பேசியது இது. எனக்கு மிகவும் சுவையாகப் படுவதும் இதுதான். அந்த டிராஃப்ட்டில் உச்சியில் மூன்று குவாட்டர்பேக்குகள் இருந்தார்கள்: வில்லியம்ஸ், ஜேடன் டேனியல்ஸ், டிரேக் மே. மூவருக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்பதில் நிபுணர்களே ஒத்துப்போகவில்லை. தூரம் சிறியது என்று நம்பினால், இரண்டாம் இடத்துக்கு இறங்கி, அந்த இடத்தை வைத்திருந்த வாஷிங்டனிடமிருந்து கூலி வாங்கிக்கொண்டு, மிச்சம் இருப்பவரை எடுக்கலாம்.

கூலி எவ்வளவு? 1990களின் தொடக்கத்தில் டல்லஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில் உருவான ஒரு மதிப்பு அட்டவணை இன்றும் பேச்சுவார்த்தைகளில் புழங்குகிறது. அதில் முதல் தேர்வுக்கு 3,000 புள்ளி, இரண்டாவதற்கு 2,600. இடைவெளி 400 புள்ளி, அதாவது 50ஆம் தேர்வின் மதிப்பு. வாஷிங்டனின் கையில் அப்போது 40ஆம் தேர்வு இருந்தது. அட்டவணைப்படி 500 புள்ளி. வேடிக்கை என்னவென்றால் அந்த 40ஆம் தேர்வு சிகாகோவுக்கே உரியது. 2023 அக்டோபர் கடைசியில் தடுப்பாட்டக்காரர் மான்டெஸ் ஸ்வெட்டை வாங்க வாஷிங்டனுக்குக் கொடுத்தது. அதை அப்படியே திருப்பி வாங்கிக்கொண்டு, டேனியல்ஸையோ வில்லியம்ஸையோ எடுத்திருக்கலாம். 2024இல் சிகாகோவுக்கு இரண்டாம் சுற்றில் தேர்வே இல்லை என்பதையும், மொத்தமே ஐந்து பேரைத்தான் எடுத்தார்கள் என்பதையும் வைத்துப் பார்த்தால் இது அற்பமான சேர்க்கை அல்ல.

ஆனாலும் நான் அந்த ஜனவரியில் இதற்கு வாக்களித்திருக்க மாட்டேன். மூவரில் ஒருவரை உண்மையிலேயே மேலானவராக மதிப்பிடும் மேலாளர், இரண்டாம் சுற்று வீரர் ஒருவருக்காக அவரைக் கைவிடக் கூடாது. குவாட்டர்பேக் விஷயத்தில் சிறு வித்தியாசம் பத்தாண்டு வித்தியாசமாக விரியும். இறங்கினால் தேர்ந்தெடுக்கும் உரிமை அடுத்தவன் கைக்குப் போய்விடுகிறது. எனவே அன்று தெரிந்தவற்றை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால், வில்லியம்ஸை எடுப்பது முதலில். அதற்குச் சற்றே பின்னால் ஓரிடம் இறங்குவது. ஃபீல்ட்ஸை வைத்துக்கொள்வது நன்றாகப் பின்தங்கி மூன்றாவது. அரங்கத்தின் கோஷத்துக்கு நேர் தலைகீழ் வரிசை.

விவாதத்தில் இல்லாத நான்காவது

2024 ஏப்ரல் 25, டெட்ராய்ட். சிகாகோ வில்லியம்ஸை எடுத்தது. 9ஆம் தேர்வில், பந்து பிடிப்பவரான ரோம் ஒடூன்ஸே. டேனியல்ஸ் வாஷிங்டனுக்கு, மே நியூ இங்கிலாந்துக்கு. நான்காம் சுற்றில், தாக்குதல் முன்னேறாதபோது பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் விடும் வேலைக்கு டோரி டெய்லர் என்பவரைச் சிகாகோ எடுத்தபோது, இங்கே உனக்கு அதிகம் வேலை இருக்காது என்று வில்லியம்ஸ் அவருக்குச் செய்தி அனுப்பினார். டெய்லருக்கு அந்தப் பருவத்தில் ஓய்வே கிடைக்கவில்லை.

முதல் ஆறு ஆட்டங்களில் நான்கு வெற்றி. ஏழாவது ஆட்டம், அக்டோபர் 27, வாஷிங்டனில். முதல் தேர்வும் இரண்டாம் தேர்வும் நேருக்கு நேர். ஆட்டம் முடிய நொடிகள் இருக்கும்போது சிகாகோ 15-12 என்று முன்னிலை. டேனியல்ஸுக்கு ஒரே ஒரு வீச்சு மிச்சம். பந்து ஆட்டத்துக்கு வந்த அந்தக் கணத்தில், சிகாகோவின் தடுப்பாட்டக்காரர் டைரீக் ஸ்டீவன்சன் களத்துக்கு முதுகைக் காட்டி, பார்வையாளர்களை நோக்கிக் கையசைத்துச் சீண்டிக்கொண்டிருந்தார். சுதாரித்து ஓடி வந்து கூட்டத்தில் எகிறினார். அவர் கையில் பட்டுத் திரும்பிய பந்து, பின்னால் தனியாக நின்ற நோவா பிரவுனிடம் போய் விழுந்தது. வாஷிங்டன் 18-15. கரோலினாவுக்கு முதல் தேர்வை விற்றதில் வந்த 61ஆம் தேர்வைச் சேர்த்துக் கொடுத்து எடுக்கப்பட்டவர்தான் ஸ்டீவன்சன். அந்த ஆட்டத்தில் தொடங்கி சிகாகோ தொடர்ந்து பத்து ஆட்டங்களில் தோற்றது; பருவம் 5-12இல் முடிந்தது. வில்லியம்ஸ் 68 முறை பந்துடன் வீழ்த்தப்பட்டார். நவம்பரில் நன்றி நாள் ஆட்டத்தில், டெட்ராய்ட்டிடம் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தபோது, கடிகாரம் ஓட ஓட, கையிலிருந்த இடைநிறுத்தத்தைப் பயன்படுத்தாமலேயே அணி நேரத்தைக் கரைத்தது. மறுநாள் தலைமைப் பயிற்சியாளர் மேட் ஈபர்ஃப்ளூஸ் நீக்கப்பட்டார். சிகாகோ வரலாற்றில் பருவத்தின் நடுவே நீக்கப்பட்ட முதல் தலைமைப் பயிற்சியாளர் அவர்.

டேனியல்ஸோ சிறந்த தாக்குதல் புதுமுக விருதை வென்று, 12-5 என்று அணியை நடத்தி, சூப்பர் பவுலுக்கு ஒரு படி முன்னால் உள்ள மாநாட்டு இறுதி ஆட்டம் வரை கொண்டுசென்றார். உடனே தவறான ஆளை எடுத்துவிட்டோம் என்று சிகாகோவில் மறுபடி அதே பழைய விவாதம். இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. வாஷிங்டன் அந்த ஜனவரி, பிப்ரவரியில் பொது மேலாளரை மாற்றியது, தலைமைப் பயிற்சியாளரை மாற்றியது, தாக்குதல் ஆட்டப் பொறுப்பாளரை மாற்றியது. பிறகு குவாட்டர்பேக்கை எடுத்தது. எல்லாரும் ஒரே நாளில் தொடங்கினார்கள். சிகாகோ செய்ததைப் பாருங்கள். டிரூபிஸ்கி 2017இல் வந்தார். அந்தப் பருவம் முடிந்ததும் ஜான் ஃபாக்ஸ் நீக்கம். ஃபீல்ட்ஸ் 2021இல் வந்தார். பருவம் முடிந்ததும் மேட் நேகி நீக்கம். வில்லியம்ஸ் 2024இல் வந்தார். பருவம் முடியும் முன்பே ஈபர்ஃப்ளூஸ் நீக்கம். மூன்று முதல் சுற்றுக் குவாட்டர்பேக்குகள். மூவரையும், வேலை ஊசலாடும் ஒரு பயிற்சியாளரிடம் ஒப்படைத்து, இரண்டாம் ஆண்டில் புதிய மொழியைக் கற்கச் சொன்னார்கள்.

நாட்காட்டியை முதல் பக்கத்துக்குத் திருப்புவதுதான் வில்லியம்ஸை எடுப்பதன் முழு லாபம் என்றேன். அந்த மலிவு விலை நான்கு ஆண்டுகளில் ஒன்றை இப்படித்தான் கரியாக்கினார்கள். 2025 ஜனவரியில், டெட்ராய்ட்டின் தாக்குதல் ஆட்டப் பொறுப்பாளராக இருந்த பென் ஜான்சன் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். அதே வில்லியம்ஸுடன் அணி 2025 பருவத்தை 11-6 என்று முடித்துப் பிரிவில் முதலிடம் பிடித்தது. நியூ இங்கிலாந்தில் மேயின் கதையும் இதேபோல்தான்: முதல் ஆண்டு 4-13, மைக் வ்ரேபல் பயிற்சியாளராக வந்த அடுத்த ஆண்டு 14-3.

2024 ஜனவரியில் வேறு வழி இருந்ததா? பென் ஜான்சன் அப்போது எங்கும் போகாமல் டெட்ராய்ட்டிலேயே தங்கிவிட்டார், அவரை விட்டுவிடுவோம். ஜிம் ஹார்பா இருந்தார். 1987இல் முதல் சுற்றில் சிகாகோ எடுத்த குவாட்டர்பேக் அவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு அப்போதுதான் தேசியப் பட்டம் வென்று கொடுத்திருந்தார். சிகாகோ ஈபர்ஃப்ளூஸைத் தொடரவிட்டு, தாக்குதல் ஆட்டப் பொறுப்பாளரை மாற்றியது. ஹார்பா லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸுக்குப் போய், 5-12 என்றிருந்த அணியை ஒரே ஆண்டில் 11-6 ஆக்கினார். ஹார்பா சிகாகோவுக்கு வரச் சம்மதித்திருப்பாரா என்பது வேறு கேள்வி. அவரைக் கேட்பதற்கு முதல் தேர்வையோ ஃபீல்ட்ஸையோ விற்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பயிற்சியாளரின் கூலி சம்பள உச்சவரம்பில் சேர்வதும் இல்லை, முழுக்க உரிமையாளரின் சொந்தப் பணம்.